கிணறு வந்த துண்டுப் பிரசுரம்

ஆக்லாந்தின் தகனினிப் பகுதியில் இருந்ததால் நாங்கள் தகனினி அன்ரி என்று கூப்பிடுகிறவர் போன மாதம் காலமாகிவிட்டார். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு எழுதித் தரச் சொல்லி அவர் மகள் போன் எடுத்தாள். இறந்தவரின் ஊர், உறவு, வாழ்க்கை எல்லாம் சொல்லி அச்சடித்து, வருகிறவர்கள் கையில் கொடுக்கிற சிறு புத்தகம் அது. ஆக்லாந்தில் எங்கள் ஆட்களுக்கு அதை எழுதுகிறவள் நான்.

"இங்கிலீஷிலை ஒரு பக்கம் போதும் அன்ரி," என்றாள்.

மாதிரிக்கு ஒரு பழைய கல்வெட்டை எடுத்துப் பிரித்தேன். அச்சு மை மணம் மூக்கில் ஏறியதும் அதை மூடிவைத்தேன். இது பழைய பயம்.

இலங்கையில் போர் முடிந்து இரண்டொரு வருடமான காலம். ஆக்லாந்தின் மங்கரேயில் வாடகைக்கு இருந்தேன். தனிநாடு கேட்டு நகரத்தில் ஒரு கூட்டம் வைக்கப்போகிறோம், சனம் வரத் தயங்குது, ஒரு துண்டுப் பிரசுரம் எழுதித் தாரும், பெயர் போடமாட்டோம் என்று கேட்டார்கள். எனக்கு வீரவசனம் வராது. 'உங்கள் வீட்டுக் கிணற்றில் இன்று தண்ணீர் அள்ளுகிறவர் யார்?' என்று தொடங்கி, அதைக் கேட்க நமக்கென்று ஒரு நாடு வேண்டும் என்று முடித்தேன். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில், கழற்றிவிட்ட சப்பாத்துகளுக்குள் அதைச் செருகி வைத்தார்கள். சனம் ஒற்றைக்காலில் நின்று வாசித்தது. ஒருவர் மற்றச் சப்பாத்தைப் போட மறந்து கார்வரை நடந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பக்கத்தில் குனிந்து நாடா கட்டிக்கொண்டிருந்த தகனினி அன்ரி கேட்டார்: "பிள்ளை, உதை எழுதினது நீர்தானே?"

"நானில்லை அன்ரி."

"கிணறு வந்தாலே உம்மடை எழுத்தெண்டு தெரியும். கிணறில்லாத கொழும்பு பிளாட்டிலை இருந்த என்ரை மனுசன்ரை கல்வெட்டிலையும் கிணறு வைச்சனீர்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கிணற்றால் கெட்டேன். என் கல்வெட்டுகள் யாழ்ப்பாணத்திலும் வீடுவீடாகக் கிடந்தன, கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோடு என் பெயர். தம்பிக்கு அப்போதுதான் இங்கே படிக்க விசா வந்திருந்தது. அதே அப்பா பெயரோடு அவன் கொழும்பில் விமானம் ஏறவேண்டும். அன்ரி கண்டுபிடித்ததை அங்கே ஒரு புலனாய்வுக்காரன் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

கூட்டத்துக்குச் சனம் மழைக்குள் வந்து நின்றது. அரசியல் என்றாலே கதவைச் சாத்துகிறவர்களும் என் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் கிணற்று வரியை வாசிக்க, முன்னால் நின்றவர் விம்மினார். யாரோ போனில் படம் பிடித்தார்கள். நான் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்தேன். இத்தனை பேரை இழுத்து வந்த எழுத்து இன்னும் எங்கெல்லாம் போகும் என்று நினைத்துக் குடையை இன்னும் கீழே இறக்கினேன்.

விமானம் ஏறியதும் மெசேஜ் போடு என்று தம்பிக்குச் சொல்லியிருந்தேன். வரவில்லை. மங்கரே விமான நிலையத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். சிறு வயதிலிருந்து சொல்கிற தேவாரம் பாதியில் மறந்துபோனது. எல்லோரும் வந்து முடிந்தபிறகு டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"கொழும்பிலை உன்னை ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லையக்கா. என்னத்தைக் கேக்க? போனிலை சார்ஜ் இல்லை, பசிக்குது."

அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். என்னை அங்கே ஒருவரும் வாசிக்கவில்லையா என்று காரில் வரும்போது துளி மனக்குறையும் வந்தது. மனுசப் புத்தி.

அந்தக் கூட்டங்கள் இப்போது இல்லை. சப்பாத்துக்குள் எப்போதாவது வீடு விற்கிறவர்களின் விளம்பரம் கிடக்கும். அன்ரியின் கல்வெட்டை நேற்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். பழக்கதோஷத்தில் கிணறும் வந்துவிட்டது. மகள் அந்த வரியை வெட்டிவிட்டாள்.

"அம்மா தகனினியிலைதானே இருந்தவ. கிணறு எதுக்கு அன்ரி?"

இனி நான் பெயர் போடாமல் எதையும் எழுதலாம். நான்தான் என்று கண்டுபிடிக்க ஒருவரும் இல்லை. பயமாக இருக்கிறது.