துப்பிப் பழகிய வாய்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் அரைகுறை. இன்றைக்கு என் பேக்கரி ரொட்டி போகாத தெரு இந்த ஊரில் இல்லை. பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? நான் கட்டிய அந்தப் பேக்கரியில் எனக்கு அடுத்தபடி ஒருத்தி உண்டென்றால், அது நாக்குக்காரிதான்.

வாயாடி என்று நினைக்க வேண்டாம். அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் முதல் துண்டு அவள் வாய்க்குத்தான் போகும். "உப்பு தூக்கல்", "இன்னும் கொஞ்சம் வேகணும்" என்பாள். அவள் தலையாட்டினால்தான் சரக்கு வெளியே போகும். நாள் முழுக்க பன்னும் கேக்குமாகத் தின்றால் உடம்பு என்னாகும்? பெருத்தது. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை.

ஒருநாள் அவள் மாமியார் கடைக்கு வந்து, பத்துப் பேர் முன்னால் சொன்னாள்: "எங்க மருமக வயித்துல பிள்ளைக்கு ஏது இடம்? எல்லாம் கேக்கு அடைச்சுக் கிடக்கு."

நான் விடுவேனா? "அம்மா, ரொட்டிய வாங்கினோமா போனோமான்னு இருங்க. என் ஆளப் பேசினா மரியாதை கெட்டுடும்."

நாக்குக்காரியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். பிறகு மாவு அறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் என்னிடம் வந்தாள். "குழந்தைக்கு வைத்தியம் பாக்குற டாக்டரம்மா எடையைக் குறைச்சுட்டு வரச் சொல்லிட்டாங்க முதலாளி. மயக்கம் குடுத்துக் கருமுட்டை எடுக்கணுமாம், இந்த உடம்புக்கு ஆபத்தாம். மெதுவா குறைன்னாங்க. நாப்பது நெருங்குது, மெதுவாக் குறைக்க எனக்கு நேரம் ஏது?"

"பேக்கிங்குக்கு மாத்திடறேன்."

"அப்புறம் உங்க ரொட்டிய யாரு திம்பா?" என்றாள். அவளை அதே வேலையில் விட்டேன்.

அன்றிலிருந்து பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குவளை. மெல்வாள், பதம் சொல்வாள், துப்பிவிடுவாள். "துப்புறதை எனக்குக் குடுத்தா என் பொண்டாட்டி சமையலேருந்து தப்பிப்பேன்கா" என்பான் அடுப்புக்காரன். வீட்டிலும் அவளுக்கு வெந்நீரும் வெள்ளரிக்காயும்தான். உடம்பு மளமளவென்று இறங்கியது. இடுப்பில் கட்டும் துணி இரண்டு சுற்று வந்தது. என் ஆள் நினைத்தால் முடிப்பாள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

டாக்டரம்மா சொன்ன எடைக்கு இறங்கிவிட்டேன் என்று புருஷனோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் எங்கள் வேன் டிரைவர். திரும்பி வந்தபோது இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"எடை சரியா இருக்காம் முதலாளி. ஆனா மாசமாசம் வர்றது நின்னே போச்சாம். உடம்பு பட்டினிக்குப் பயந்து முட்டை விடறதையே நிறுத்திடுச்சாம். ஒழுங்காச் சாப்பிட்டு அது திரும்பி வந்தாத்தான் ஊசியாம். எப்ப வரும்னு சொல்ல முடியாதாம்" என்றான் அவன். "நின்னு நாளாச்சு. இவ எங்கிட்டகூடச் சொல்லலை."

"ஏம்மா சொல்லலை?" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "தானாவே வயித்துல தங்கிடுச்சோன்னு நெனச்சேன் முதலாளி. சோதிச்சுப் பாத்தா இல்லைன்னு சொல்லிடுமோன்னு பயம். அதான், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன்."

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய பன்னைப் பிட்டு, வெண்ணெய் தடவி அவள் கையில் கொடுத்தேன். மென்றாள். "பதம் சரி" என்றாள் பழக்கத்தில்.

"முழுங்கு" என்றான் புருஷன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு முயன்றாள். பன் உள்ளே இறங்கவில்லை. கடைசியில் குவளையை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.