இலையுதிர்ந்த பால்மரக் காட்டு வழியே லூனாஸுக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பிப்ரவரி ஞாயிறு. லூனாஸுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்த ஸ்டெல்லா அக்காவுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. "காடியோட வா" என்று சொல்லியனுப்பியிருந்தாள். அதுதான் நான் தனியாகக் கார் ஓட்டிப் போன முதல் நீண்ட பயணம்.

பாக்கார் ஆராங்கிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். ஐந்து வெள்ளிக்குப் பெட்ரோல். திகாம் பத்துவில் ஒரு காப்பி குடித்துவிட்டுத் தோட்டப் பாதைகளில் இறங்கினேன். சுற்றுவழிதான், இருபத்தைந்து மைலுக்குக் குறையாது. ஆனால் அந்த மாதத்தில் பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். மொட்டைக் கிளைகள், செம்மண் புழுதி, சக்கரத்துக்கடியில் நொறுங்கும் சருகு. அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். பால் வடியாத மாதம், கூலியும் குறைவு என்பதால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அடுப்பெரிவது குறைவு என்பதும் உண்மை.

தோட்ட வாசலில் குறுக்குக் கட்டை போட்டிருந்தது. காவலுக்கு இருந்த ஜாகாக்காரர் எழுந்து வந்தார்.

"வெளிக் காடி உள்ள போகக் கூடாது தங்கச்சி. தொரை வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்க. ஆபீஸ்ல கேட்டு வா."

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் ஏதுண்ணே?"

அவர் கட்டையடியில் போய் உட்கார்ந்துகொண்டார். காரை விட்டுவிட்டு ஒரு மைல் நடந்தேன். எதிரே அத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் கேரியரில் அக்கா. வலி கண்டுவிட்டது. பாதி வழியில் அவளால் உட்கார முடியவில்லை. இறங்கிச் சருகின்மேல் சாய்ந்துவிட்டாள்.

வாசலுக்கு ஓடினேன். "கட்டையத் தூக்குங்கண்ணே! அக்கா ரோட்டுல கிடக்கிறா!"

"என் வேலை போயிடும்மா."

காரைக் கிளப்பி நேராகக் கட்டையை நோக்கி விட்டேன். உண்மையாகவே இடித்திருப்பேன். கடைசி நொடியில் அவர் தூக்கிவிட்டார்.

கூலிம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரமே ஜாகாக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அத்தானுக்கு எச்சரிக்கை. நான் ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணி தலை நிமிராமலே சொன்னார்: "முறையா அனுமதி கேட்டிருந்தா கொடுத்திருப்போம் லா."

சில மாதம் கழித்து லூனாஸ் பாசாரில் அந்த ஜாகாக்காரரைப் பார்த்தேன். காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

"உனக்குக் காடி இருந்துச்சு, போயிட்ட. லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நாலு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போறது?" என்றார். சத்தம் போட்டுத்தான் கேட்டார். சந்தையே திரும்பிப் பார்த்தது. அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய தொரை வீடு குன்றின்மேல் இருந்தது. அங்கே போக அவருக்கும் வழியில்லை, எனக்கும் இல்லை.

இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரியில் போங்கள். நிழல் இருக்காது, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் செம்மண் வழியைத் தவிர்த்துவிடுங்கள். மரங்களைப் படம் எடுத்த பிறகு லூனாஸ் காப்பிக் கடையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பக்கத்து மேசைப் பெரியவரிடம் எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் குரல் உயர்ந்தால் எழுந்து போய்விடாதீர்கள்.