இரண்டு தூணுக்கு ஒரு ஜோடி ஷூ

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஜெர்மனியில் மகள் என்னையும் மனைவியையும் கூட்டிப்போன எண்ணூறு வருடத்துப் பழைய தேவாலயத்தில், ஷூவைக் கழற்றிய ஒரே ஆள் நான்தான். வலது ஷூவை ஒரு தூணடியிலும் இடதை எதிர்த் தூணடியிலும் வைத்தேன்.

எல்லாம் மெழுகுவர்த்தி வாசனை செய்த வேலை. முகர்ந்ததுமே கவரைப்பேட்டையில் எங்கள் தகரக்கூரை சர்ச்சும், வாசலில் செருப்புக் குவியலும் கண்முன் வந்துவிட்டன. நைனா தன் செருப்பில் ஒன்றை முன்வாசலிலும் மற்றதைப் பக்கவாசலிலும் விடுவார்.

"ஒத்தச் செருப்ப எவன்டா தூக்கினு போவான்?"

ஜெபத்தின்போதும் ஒரு கண் திறந்தே இருக்கும். பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கும் சித்தப்பா மேல்கூடச் சந்தேகம். வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு பிரசங்கம் இன்னா?" என்று அம்மா கேட்பாள்.

"செருப்பு ரெண்டும் பத்திரமா கீது" என்பார்.

மகள் வண்ணக் கண்ணாடி ஜன்னலைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் தூணருகே நின்ற தொப்பிக்காரரையே பார்த்தேன். அவர் குனிந்து என் வலது ஷூவை எடுத்தார். வெறுங்காலோடு ஓடிப் பிடித்தேன். காவலாளியாம். யாரோ தொலைத்தது என்று எடுத்தாராம்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "இம்மாந்தூரம் ஏரோப்ளேன்ல வந்து, உன் ஷூவத்தான்யா பாத்துக்கினு இருந்த."