அண்ணன் கழற்றிய இருபது கொக்கிகள்

நடந்தவை வரிசையாக:

1. பாலக்கோட்டுப் பக்கம் புதிதாகக் கட்டிய திரையரங்கில், தகரக் காற்றுக்குழாய் தொங்கவிடும் வேலை எங்கள் அண்ணனுக்குக் கிடைத்தது. அவர் தனியாக எடுத்த முதல் பெரிய வேலை.

2. கூரைக் கான்கிரீட்டில் துளையிட்டு, மரக்கட்டை அடித்து, இருபது கொக்கிகளைத் திருகினார்.

3. வெயிலில் கட்டை சுருங்கி, ஒரு கொக்கி விரலளவு இறங்கியது.

4. திறப்பு விழாவுக்கு நான்கு நாட்களே இருந்தன. அண்ணன் இருபதையும் கழற்றினார்.

அரங்க முதலாளி கொதித்தார். "நோட்டீஸ் ஒட்டியாச்சு, படப்பொட்டி வந்தாச்சு. உன்ன நம்புனதுக்கு ஓலைக் கொட்டாயே தேவலாம்!"

"ஓலைக் கொட்டாயில தலைக்கு மேல தகரம் இல்லீங்களே. செவுத்துல அடிச்ச கட்டை தாங்குமுங்க. மேல அடிச்சா காயக் காய நழுவுமுங்க. தப்பு என்னுதுதானுங்க."

குழாய் இல்லாமலே திறப்பு விழா நடந்தது. வியர்வையில் நனைந்த கூட்டம் அண்ணனைத் திட்டியது. அதன்பின் அவர் கூரையைத் தாங்கும் இரும்பு உத்திரங்களில் இருபுறமும் கவ்வும் பிடிகளைப் போல்ட்டால் இறுக்கி, இரட்டை நட்டுப் போட்டார். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த தங்கை நான், ஒவ்வொரு பிடிக்கும் வரும் எடையைக் கணக்கிட்டுக் கொடுத்தேன்.

"சரியாத்தான் இருக்கும் கண்ணு. மூட்டையும் ஒருக்கா சொல்லட்டும்" என்று, அதைப்போல் இருமடங்கு மணல் மூட்டையை ஒவ்வொரு பிடியிலும் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டார். எதுவும் அசையவில்லை.

அண்ணன் பிறந்தது இண்டூரில், உழவர் குடும்பத்தில். அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்தபோது அப்பாவும் காலமானார். தர்மபுரியில் தகரப் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவரிடம் வேலை கற்று, அம்மாவைக் காத்தார். என்னைப் படிக்க வைத்தார். தன் பிழையை வேறொருவர் மீது போட்டு நான் பார்த்ததில்லை. சென்ற மாதம் மஞ்சள் காமாலை பதினோரு நாளில் அவரைக் கொண்டுபோய்விட்டது.

மருத்துவமனையில் இரவுபகல் பாராமல் உடனிருந்த அண்ணிக்கும், கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய பாய் வீட்டாருக்கும், செவிலியருக்கும், பதினாறாம் நாள்வரை எங்களைத் தனியே விடாத உறவினர்களுக்கும் நன்றி.

அன்று திட்டிய அதே முதலாளியின் கடலை எண்ணெய் ஆலையில்தான் அண்ணன் கடைசியாகக் குழாய் தொங்கவிடும் வேலை செய்தார். பதினெட்டுப் பிடிகளில் பதினொன்றுக்கு மூட்டைச் சோதனை முடிந்திருந்தது. "மீதிக்கும் மூட்டை கட்டிப் பாத்துட்டே சொல்லும்மா. அதுவரைக்கும் நான் ஓட்டல" என்று முதலாளி என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கும் நன்றி.

ஏழு பிடிகள் பாக்கி. ஆலை இன்னும் ஓடவில்லை.