கோடு நிற்காத வைரம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். நடந்தது பட்டப்பகலில்.

நான் வைரப் பட்டறையில் கோடு போடுபவன். பெரிய கல்லை அறுக்கும் முன், ரம்பம் போகவேண்டிய வழியை மையால் குறிக்க வேண்டும். மரத்தில் நார் ஓடுவதுபோல வைரத்துக்குள்ளும் ஓட்டம் உண்டு. திசை தப்பினால் கல் சிதறிவிடும்.

அன்று வந்தது உலகமே அறிந்த கல். புறாமுட்டை அளவு. முந்நூறு ஆண்டுகளில் எத்தனையோ அரண்மனைகளைப் பார்த்தது. அதன் முதல் சொந்தக்காரர் ஒரு வியாபாரி என்பது மட்டும் எனக்குத் தெரியும். இப்போது வைத்திருப்பவருக்கு அதை இரண்டாக்க வேண்டுமாம். மூன்று மணிக்குள் கோடு விழாவிட்டால் எனக்கு இங்கே வேலை இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஜன்னல் இல்லாத அறை. நானும், ரம்பம் ஓட்டும் என் மச்சினனும் மட்டும். மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தோம்.

மணி 2.40. கோடு போட்டேன். பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தால்... மை கலைந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி கலைந்தது.

“என்ன மாமா, கோடு போடுறீங்களா, ரோடு போடுறீங்களா?” என்றான் மச்சினன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கோட்டின் மேல் ஆவி. கண்ணாடியில் ஊதினால் படியுமே, அதுபோல. வைரத்தில் அது நிற்காது. வைரம் சூட்டைச் சட்டென்று கடத்திவிடும். ஒரு நொடியில் மறைந்துவிடும். இதுவும் மறைந்தது.

பிறகு மறுபடி படிந்தது.

நான் மூச்சை அடக்கினேன். மச்சினனையும் வாயைப் பொத்தச் சொன்னேன்.

படிந்தது... மறைந்தது... படிந்தது. நான்கு நொடிக்கு ஒரு தரம்.

மணி 2.52. பேனாவை அருகே கொண்டுபோனேன். இரண்டு நொடிக்கு ஒரு தரம்.

முனை கல்லைத் தொட்டது.

ஹ்ஹ்... ஹ்ஹ்... ஹ்ஹ்...

சத்தம் கல்லிலிருந்து வந்தது.

மச்சினன் ரம்பத்தின் மின்கம்பியைப் பிடுங்கினான். “வேணாம் மாமா. இதை நான் அறுக்க மாட்டேன்.”

பேனாவை எடுத்தேன்.

நின்றது.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். கோடு இல்லை. பயந்தாங்கொள்ளி என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வேலை அன்றே போனது. கல் வேறு பட்டறைக்குப் போனது. அங்கே என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பட்டறை எழுத்தர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். கல்லோடு வந்த பழைய தாள்களின் நகலை அப்போதுதான் படித்தாராம். அந்த வியாபாரி, கொள்ளையரிடமிருந்து மறைக்க வைரத்தை விழுங்கியிருக்கிறார். அது தொண்டையில் சிக்கிக்கொண்டது. கழுத்தை அறுத்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

அறுக்கத் தொடங்கியபோது அவருக்கு இன்னும் மூச்சு இருந்ததாம்.