மூச்சு விட்ட இடம்

வறண்ட ஆற்று மணலில் எங்கள் ஊர் போடிக்கும் பக்கத்து ஊர் தேவாரத்துக்கும் சடுகுடு நடந்தது. பாடிப் போகிறவர் எதிர்ப்பக்கத்தில் மூச்சு விட்டால் தோற்றவர். அது நடுவர் காதில் விழக்கூடாதென்றே எங்கள் ஆள் பாடும்போதெல்லாம் தொண்டை கிழியக் கத்துவோம். வெட்கங்கெட்ட கூட்டம், அதில் நானும் ஒருவன்.

கடைசியில் பக்கத்துக்கு ஒருவரே மிச்சம். போடிமெட்டு மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்குகிற எங்கள் ஆள், எதிராளியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினார். ஜெயித்தோமென்று குதித்தோம். அவரோ நேரே நடுவரிடம் போனார்.

"மூச்சு அங்கனயே விட்டுப்போச்சுண்ணே. இந்தச் சத்தத்துல ஒங்களுக்குக் கேட்டிருக்காது. ஆட்டம் அவுகளுக்குத்தான்."



அடுத்த வருஷம் அவர் கோட்டைத் தாண்டியபோது இரண்டு ஊரும் மூச்சுக் காட்டவில்லை. ஆறு முழுக்க அவர் பாட்டு மட்டும் கேட்டது.