தமக்கையார் கிளறிய பரங்கிக்காய் அல்வா

இங்கு நான் கூறும் நிகழ்ச்சிகள் தொடங்குமுன்னரே சென்னையில் பி.ஏ. தேறி, காஞ்சிபுரத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். எங்கள் குடும்பத்தின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. ஆகவே நான் எழுதுவதைக் கேள்விச் செய்தியாக எவரும் கொள்ள வேண்டாம்.

பக்கத்து ஊரான ஓரிக்கையில் பிறந்த என் தமக்கையார், காஞ்சிபுரத்துப் பட்டு வணிகர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, இளமையிலேயே கணவரை இழந்தார். ஒரே மகளை எவர் தயவுமின்றி வளர்த்தார். அறுபதுகளின் இறுதியில், கோயிற் சிற்பங்களை ஆராய வந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர் அவர் வீட்டு மாடியில் குடியேறினார். பண்டிகை நாளில் ஒருவர் தனித்து உண்பதைத் தமக்கையார் பொறுக்கமாட்டார். அந்நாட்டுப் பண்டிகைகளை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு ஆண்டு முழுவதும் சமைத்தார். ஜூலையில் அவர்களது சுதந்திர நாளுக்குச் சுட்ட சோளக்கதிர். கிறிஸ்துமசுக்கு, பித்தளைப் பானையின் மூடிமேல் தணல் பரப்பி முட்டையில்லாத கேக். புலால் அவ்வடுப்பில் ஒருநாளும் ஏறியதில்லை.

அக்டோபர் இறுதியில் அவர்களுக்குப் பேய்ப் பண்டிகை. அப்பெண்மணி பரங்கிக்காயில் கண்ணும் வாயும் வெட்டி உள்ளே விளக்கேற்றினார். குடைந்தெடுத்த சதையைத் தமக்கையார் வீணாக்காமல் அல்வாவாகக் கிளறினார். மறுநாள் மகளுக்கு நிச்சயம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதையே பரிமாறினார். கை கழுவச் சென்ற மாப்பிள்ளையின் தாயார், மாடிப்படியில் இருந்த அந்த முகத்தைக் கண்டார்.

"இன்னாமா இது! திருஷ்டி கழிக்கிற காயை எங்களுக்கு இனிப்பு பண்ணிப் போட்டுக்கீற?"

"திருஷ்டியும் இல்ல, ஒண்ணும் இல்லமா. அந்தம்மா ஊரு பண்டிகை. நல்லாக்கீதுன்னு ரெண்டு வாட்டி கேட்டு வாங்கினீங்களே!" என்றார் தமக்கையார்.

அவர்கள் எழுந்து சென்றனர். மன்னிப்புக் கேட்டு, வெள்ளைக்காரிக்குச் சமைப்பதையும் நிறுத்தினால் மேற்கொண்டு பேசலாம் என்று ஆள் அனுப்பினர். பெண்ணின் வாழ்வை எண்ணி நானும் தமக்கையாரை வற்புறுத்தினேன். அதை மறைக்கவில்லை.

"நீ படிச்சவன்பா. நான் பண்ணது இன்னா தப்புன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடு. படிச்சிட்டு மன்னிப்பு கேக்கறேன்."

என்னால் ஒரு வரியும் எழுத இயலவில்லை.

நவம்பரில் அமெரிக்கர்களின் நன்றி நாள் பண்டிகை வந்தது. தமக்கையார் தெருக்கதவை அகலத் திறந்துவைத்து, ஊரறியக் கூடத்தில் இலை போட்டார். அழைக்காமலே வந்து அமர்ந்தவர் மாப்பிள்ளை.

"அத்தை, அந்த அல்வா இன்னைக்கும் உண்டா?"

மகனின் பிடிவாதத்திற்கு அவர் வீட்டார் இணங்கினர். தை மாதத்தில் திருமணம் நடந்தது.

தமக்கையாரை இறுதி நோயில் இரவு பகல் பாராது பேணிய மகளுக்கும் மருமகனுக்கும், தோள் கொடுத்த தெருவினருக்கும், கடல் கடந்து இரங்கல் எழுதிய அப்பெண்மணிக்கும் எங்கள் குடும்பம் கடப்பாடுடையது.

தமக்கையார் மன்னிப்புக் கேட்ட பின்னரே அத்திருமணம் கைகூடியது என்று உறவினர் சிலர் இன்றும் கூறிவருகின்றனர். அவர் கேட்கவில்லை.